கடவுளின் உடல் அழுகுமா?

சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியத்தின் நீளம் 2 மீட்டர், உயரமோ 30.5 சென்டிமீட்டர்தான். ஓர் ஆள் மல்லாந்து படுக்கலாம், எழுந்து உட்கார நினைத்தால் தலை இடிக்கும். அந்தக் கல்லறைப் பொந்துக்குள், வெள்ளைத் துணி விரித்த கல்லின் மேல், ஒரு பிணம் கிடக்கிறது. வாய் திறந்திருக்கிறது. கண்ணை மூடிவிடக்கூட ஆள் இல்லாததுபோல் கருவிழி மேலே செருகி நிற்கிறது. தாடி முகட்டைப் பார்த்து நீண்டிருக்கிறது. தலைமயிர் கல்லின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வலக்கை நம் பக்கம் இருக்கிறது. எலும்பும் தோலுமான அந்தக் கையின் நடுவிரல் மட்டும் துணியை அழுத்தியபடி நீண்டு நிற்கிறது. ஆணி துளைத்த இடத்தைச் சுற்றிச் சதை கறுத்து, பச்சை படரத் தொடங்கியிருக்கிறது. பாதங்களிலும் அதே நிறம்.

இளைய ஹான்ஸ் ஹோல்பைன் இதை 1521-22இல் லிண்டன் மரப்பலகையில் வரைந்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பலகையில் இருப்பவர் இயேசு என்பதற்குக் கையிலும் காலிலும் விலாவிலும் உள்ள காயங்களும், சட்டத்தில் எழுதப்பட்ட பெயரும்தான் சாட்சி. ஒளிவட்டம் கிடையாது. மடியில் போட்டு அழும் மரியாவோ பாதத்தைப் பற்றிக்கொள்ளும் மகதலா மரியாவோ கிடையாது. ரைன் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு பிணத்தைப் பார்த்துத்தான் ஹோல்பைன் இதை வரைந்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. ஆதாரம் இல்லாத கதை. ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் அதை நம்ப விரும்பியதில் வியப்பில்லை.

1867 ஆகஸ்டில் ஜெனீவாவுக்குப் போகிற வழியில் ஒரு ரஷ்யத் தம்பதி பாஸலில் இறங்கினார்கள். கணவர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி. இந்தப் படத்தின் முன் அவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவி அன்னாவால் அதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த அறைகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் கணவர் அதே இடத்தில் இருக்கிறார், வலிப்பு வருவதற்கு முன்னால் அவர் முகத்தில் தோன்றும் அந்தக் கலவரத்தோடு. கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்கார வைத்தேன் என்கிறார் அன்னா. கிட்டத்தில் பார்ப்பதற்காக அவர் நாற்காலிமேல் ஏறிவிட்டதும், அபராதம் கட்டச் சொல்லுவார்களோ என்று தான் பயந்ததும் அன்னாவின் நாட்குறிப்பில் இருக்கின்றன. இருபத்தெட்டாவது வயதில் நிஜம் போலவே நடத்தப்பட்ட ஒரு பொய்யான மரண தண்டனையில் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றவர் தஸ்தயேவ்ஸ்கி. சாவைக் கிட்டத்தில் பார்த்தவருக்கும் இந்தச் சாவு புதிதாக இருந்தது.

அடுத்த ஆண்டு தொடராக வரத் தொடங்கிய நாவலில், எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ‘அசடன்’ என்று தமிழ் வாசகர்கள் அறிந்த அந்த நாவலில், ரோகோஷின் என்ற பாத்திரத்தின் வீட்டில் ஒரு கதவுக்கு மேலே இந்தப் படத்தின் நகல் தொங்குகிறது. இதைப் பார்த்தால் ஒருவனுக்கு இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்று கதாநாயகன் மிஷ்கின் பதறுகிறான். காசநோயில் செத்துக்கொண்டிருக்கும் இப்போலித் என்ற இளைஞன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். இயேசுவின் சீடர்கள் இப்படிப்பட்ட ஒரு சடலத்தைத்தானே பார்த்திருப்பார்கள்? இது எழுந்து வரும் என்று அவர்களால் எப்படி நம்ப முடிந்தது?

இப்போலித்தின் கேள்வி தஸ்தயேவ்ஸ்கிக்கு மட்டும் உரியதல்ல. கிறித்துவக் கலை தோன்றிய நாளிலிருந்து அதன் அடியில் கனன்றுகொண்டிருக்கும் கேள்வி அது. கடவுள் மனிதனானார் என்று சொல்கிறீர்கள். எந்த அளவுக்கு மனிதனானார்? பசித்தார், அழுதார், வியர்த்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வதா, பிணமானார் என்றால் பிணத்துக்கு நேர்வதெல்லாம் அவருக்கும் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்வதா? திருச்சபை இந்தக் கேள்விக்குச் சொற்களால் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. ஓவியனால் முடியாது. அவன் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

படமே வேண்டாம் என்றவர்களுக்கு அதனால்தான் ஒரு தர்க்கம் இருந்தது. 754இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், ஹையரியா அரண்மனையில் 338 ஆயர்களைக் கூட்டினார். உருவப்படங்களை உடைப்பவர்கள் என்றால் முரட்டுக் கும்பல் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கூட்டத்தின் வாதம் கூர்மையானது. இயேசுவை வரைகிறவன் எதை வரைகிறான்? தெய்வத்தன்மையை வரைய முடியாது. அவருடைய மனித உருவை மட்டும்தான் வரைந்தேன் என்றால் ஒருவரை இருவராகப் பிளக்கிறான். இரண்டையும் சேர்த்தே வரைந்தேன் என்றால் எல்லையில்லாததைக் கோட்டுக்குள் அடைத்து இரண்டையும் குழப்புகிறான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மதவிரோதம். இன்றைக்கும் இதற்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது.

படங்களின் தரப்பில் வாதாடியவர்களில் முதன்மையானவர், அந்தக் கூட்டத்துக்கு முன்பே எழுதிய தமாஸ்கஸ் யோவான். கலீபாக்களின் ஆட்சியில் வாழ்ந்த துறவி என்பதால் பேரரசரின் கை அவரை எட்டவில்லை. கடவுள் கண்ணுக்குத் தெரியாதவராக இருந்தவரை அவரை வரைவது அபத்தம். அவரே சதையும் இரத்தமுமாக வந்து மனிதர் நடுவே நடமாடிய பிறகு வரையக் கூடாது என்பது, அவர் வந்ததையே மறுப்பதாகும். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். பின்னால் வந்த தியோடோர் என்ற மடத்தலைவர், ஓவியம் காட்டுவது தன்மைகளை அல்ல, ஆளை என்று இதை நுணுக்கமாக்கினார். 787இல் இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் படங்களின் பக்கம் நின்றது; 843இல் சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. ஆனால் ஜெயித்தவர்கள் ஒரு கடனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். சதையானார் என்பதுதான் படத்துக்கு நியாயம் என்றால், சதைக்கு என்னென்ன நேருமோ அவ்வளவையும் வரைய ஓவியனுக்கு உரிமை வந்துவிடுகிறது.

அந்தக் கடனை வசூலிக்க அவசரப்படவில்லை யாரும். தொடக்க நூற்றாண்டுகளில் சிலுவையில் இருக்கும் இயேசுவின் கண்கள் திறந்தே இருக்கும். ரோமின் சாந்தா சபீனா ஆலயக் கதவில் 430ஐ ஒட்டிச் செதுக்கப்பட்ட சிற்பத்தில் அவர் கைகளை விரித்து நிமிர்ந்து நிற்கிறார், செத்தவராகத் தெரியவில்லை. தலை சாய்ந்து, கண் மூடி, வயிறு சரிந்து தொங்கும் உடலைப் பெரிய அளவில் பார்க்க ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்குப் போக வேண்டும். பேராயர் கெரோவின் பெயரால் வழங்கும் அந்த மரச்சிலுவை 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. உடலின் உயரம் 1.87 மீட்டர், அதாவது நிஜ ஆள் உயரம்.

கெரோ சிலுவையிலிருந்து ஐந்தரை நூற்றாண்டு தாண்டி, பாஸலுக்கு வடக்கே அல்சாஸில் உள்ள இசன்ஹைமுக்கு வந்தால், கடன் முழுதாக வசூலாகிறது. அங்கே புனித அந்தோணியார் சபைத் துறவிகள் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். அவர்களிடம் வந்தவர்கள் ‘அந்தோணியார் நெருப்பு’ கண்டவர்கள். ரை தானியத்தின் கதிரில் வளரும் ஒரு பூஞ்சணம் மாவோடு கலந்து ரொட்டியாக வயிற்றுக்குள் போவதால் வரும் நோய் அது. காரணம் அன்று யாருக்கும் தெரியாது. கைகால்கள் தீயில் இட்டதுபோல் எரியும்; பிறகு உணர்ச்சி போய், கறுத்து, அழுகும். வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. துறவிகள் நல்ல ரொட்டி கொடுத்தார்கள், பன்றிக்கொழுப்பில் களிம்பு செய்து தடவினார்கள். கூடவே, வந்தவர்களைக் கோவிலுக்கு அழைத்துப்போய் ஒரு படத்தின் முன் நிறுத்தினார்கள்.

மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்த பீடம் அது. மூடிய நிலையில் தெரிவது சிலுவைக்காட்சி. ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள பலகையில் அந்த உடல் தொங்குகிறது. விரல்கள் முறுக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பிறாண்டுகின்றன. உதடு நீலம் பாரித்திருக்கிறது. தலையிலிருந்து கால்வரை தோல் முழுக்கப் புண். சில புண்களில் முள் ஒடிந்து குத்தி நிற்கிறது. நிறம் பச்சை கலந்த சாம்பல். சிலுவையின் வலப்பக்கம் திருமுழுக்கு யோவான் நின்று நீண்ட ஆள்காட்டி விரலால் இதைச் சுட்டுகிறார். நற்செய்திக் கதைப்படி அவர் அதற்கு வெகு முன்னரே தலை வெட்டுண்டு போனவர். க்ரூனவால்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. சாட்சி சொல்ல ஆள் தேவைப்பட்டது, கல்லறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்.

சிலுவை பலகையின் நடுவில் இல்லை, சற்றே வலப்புறம் தள்ளி இருக்கிறது. கதவுகள் நடுவில் பிரிந்து திறப்பவை. ஆகவே திருநாள்களில் பீடத்தைத் திறக்கும்போது இயேசுவின் வலக்கை உடலிலிருந்து தனியே பிரிந்து போகும். கீழே, அடக்கக் காட்சி தீட்டிய தாழ்வான பலகையும் இரண்டாகப் பிரியும். அங்கே கால்கள் முழங்காலை ஒட்டித் துண்டாகும். கையையும் காலையும் இழந்து தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தச்சுவேலையில் தற்செயலாக அமைந்ததா, திட்டமிட்டுச் செய்ததா என்று கலை வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். எதிரே இருந்த நோயாளிக்கு அந்த வாதம் தேவைப்பட்டிருக்காது. கதவு திறந்ததும் உள்ளே உயிர்ப்புக் காட்சி. மஞ்சளும் செம்மஞ்சளுமான பெரிய ஒளிக்கோளத்துக்குள் இயேசு மேலே எழும்புகிறார். சிலுவைக் காயங்களைத் தவிர வேறு புண் இல்லாத, பால்போல் வெளுத்த உடல்.

மிஷ்கினின் பயத்தை இங்கே வைத்துப் பார்த்தால் அது தலைகீழாகிவிடுகிறது. நம்பிக்கையை அழித்துவிடும் என்று 19ஆம் நூற்றாண்டு பயந்த அதே அழுகல், 16ஆம் நூற்றாண்டில் நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. ஆரோக்கியமான உடம்போடு ரயிலில் வந்து இறங்கிப் பார்ப்பவருக்குக் கடவுளின் புண் அருவருப்பு. தன் உடம்பே தன்னைவிட்டு உதிர்ந்துகொண்டிருப்பவருக்கு அது துணை.

ஆனால் இசன்ஹைம் பலகைகளில் ஒரு உத்தரவாதம் இருந்தது: கதவைத் திறந்தால் உயிர்ப்பு. ஹோல்பைனின் பலகைக்குக் கதவு கிடையாது. அது ஒரு பீடத்தின் அடிப்பலகையாக இருந்திருக்கலாம், புனித வாரத்தில் வைக்கும் கல்லறை மாதிரியின் மூடியாக இருந்திருக்கலாம் என்று பல ஊகங்கள் உண்டு. நம் கைக்கு வந்திருப்பது இந்த ஒற்றைப் பலகை மட்டும். ஹோல்பைனின் தகப்பனாரும் இசன்ஹைம் துறவிகளுக்கு வேலை செய்தவர். மகன் க்ரூனவால்டின் பீடத்தைப் பார்த்திருப்பான் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. பார்த்திருந்தால், அதிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டதுதான் முக்கியம். யோவானின் விரல் இல்லை, மரியாவின் மயக்கம் இல்லை, புலம்பல் இல்லை. வேதனைகூட இல்லை, வேதனைப்பட ஆள் இருந்தால்தானே.

பச்சை நிறத்தின் விவகாரம் இங்கேதான் சிக்கலாகிறது. இயேசுவின் உடல் அழுகவில்லை என்பது வெறும் பக்தி மரபு அல்ல. திருத்தூதர் பணிகள் நூலில் பேதுரு செய்யும் முதல் பிரசங்கமே அதன்மேல்தான் நிற்கிறது: தாவீது அரசர் செத்தார், அடக்கம் செய்யப்பட்டார், அவர் கல்லறை இங்கேயே இருக்கிறது, அழிவைக் காணமாட்டார் என்று திருப்பாடல் சொன்னது இயேசுவைப் பற்றி. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தன் பெருநூலின் மூன்றாம் பகுதியில் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். உடல் அழுகுவது இயற்கையின் பலவீனத்தால்; இயேசு பலவீனத்தால் சாகவில்லை, விரும்பிச் செத்தார்; ஆகவே அவர் உடல் அழுகுவது பொருந்தாது என்பது அவர் முடிவு.

ஆக, கையைச் சுற்றிப் படர்ந்திருக்கும் அந்தப் பச்சை ஒரு இறையியல் கூற்று. இறந்த உடலில் இரத்தம் தேங்குவதால் வரும் நிறமாற்றம்தான் அது, அழுகல் இல்லை என்று ஹோல்பைனுக்காக வாதாடலாம். ஓர் இழை அளவுதான் தாண்டியிருக்கிறார் என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும், அக்வினாஸ் மூடிய கதவின் நிலைப்படியில் அவர் தூரிகை நிற்கிறது. இதற்காக அவரை நாத்திகர் என்று நினைப்பது நம் காலத்து அவசரம். அதே 1522ஆம் ஆண்டு தேதியிட்ட அவருடைய ‘சோலோதுர்ன் மரியா’ என்ற ஓவியத்தில் தாயின் மடியில் ஒரு கொழுகொழு குழந்தை இயேசு, பாதத்தை நம் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாதத்தின் மடிப்பையும் இந்தப் பாதத்தின் ஓட்டையையும் தீட்டியது ஒரே கண், ஒரே கை. குழந்தையின் சதையை உண்மையாக வரைந்ததற்குப் பாராட்டியவர்கள், பிணத்தின் சதையை உண்மையாக வரைந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோட்பாட்டைச் சொல்லுக்குச் சொல் நம்பியது குருமார்களைவிட ஓவியன்தான் என்று தோன்றுகிறது.

படம் தீட்டி ஏழெட்டு ஆண்டுக்குள் பாஸலில் படங்களுக்கே கேடுகாலம் வந்தது. 1529 பிப்ரவரி 9 அன்று சீர்திருத்தக் கூட்டம் பேராலயத்துக்குள் புகுந்தது. பீடங்களும் சுரூபங்களும் நொறுங்கின, எரிந்தன. ஹோல்பைன் மூன்று முறை உருவப்படம் தீட்டிய அறிஞர் எராஸ்மஸ் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அடுத்த ஆண்டு, புதிய முறைப்படி நற்கருணையில் பங்கெடுக்க மறுப்பவர்களை நகராட்சி விசாரித்தது. ஹோல்பைனின் பதில் பதிவேட்டில் இருக்கிறது: அதைப் பற்றி இன்னும் நன்றாக விளக்கிச் சொன்னால்தான் போவேன் என்றார். ரொட்டியில் இருப்பது உண்மையான உடலா, நினைவுச்சின்னமா என்று ஐரோப்பாவே அடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த உடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது. பிறகு மறுப்பு இல்லாதவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்துவிடுகிறது. இரண்டே ஆண்டில் அவரும் லண்டனுக்குப் போய்விடுகிறார்.

படம் தப்பித்தது. அமெர்பாக் என்ற பாஸல் குடும்பத்தின் சேகரிப்புக்குள் வந்து சேர்ந்தது. 1586இல் அந்தக் குடும்பத்தார் எடுத்த பட்டியலில் அது ஒரு பிணத்தின் படமாகவும், நாசரேத்து இயேசு என்பது அதன் தலைப்பாகவும் பதிவாகியிருக்கிறது. முதலில் பிணம், பிறகுதான் பெயர். 1661இல் பாஸல் நகரம் அந்தச் சேகரிப்பு முழுவதையும் விலைக்கு வாங்கியது. தஸ்தயேவ்ஸ்கி நாற்காலிமேல் ஏற முடிந்தது அதனால்தான்.

கத்தோலிக்கத் தரப்பு 1563இல் திரெந்து பொதுச்சங்கத்தின் கடைசி அமர்வில் படங்களைக் காப்பாற்றியது, கூடவே கண்காணிப்பையும் வைத்தது. ஆயரின் ஒப்புதல் இல்லாமல் கோவிலில் வழக்கத்துக்கு மாறான படம் வைக்கக் கூடாது. அதன் பலனைச் சீக்கிரமே எல்லாரும் அனுபவித்தார்கள். மைக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பில் அம்மணமாக இருந்தவர்களுக்கு அவர் செத்த பிறகு துணி கட்டிவிடப்பட்டது. கட்டிவிட்ட டானியேலே தா வோல்தெராவுக்குக் ‘கால்சட்டைக்காரர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1573இல் வெனிஸின் சமய விசாரணை மன்றம் வெரோனேசேயைக் கூப்பிட்டு, இராவுணவுப் படத்தில் மூக்கில் இரத்தம் வடிகிறவனுக்கும் கிளி வைத்திருக்கும் கோமாளிக்கும் என்ன வேலை என்று கேட்டது. அவர் படத்தைத் திருத்துவதற்குப் பதில் தலைப்பைத் திருத்தி ‘லேவியின் வீட்டு விருந்து’ ஆக்கிவிட்டார். விசாரணை மன்றங்களின் வரலாற்றில் இவ்வளவு மலிவாகத் தப்பித்தவர்கள் குறைவு.

கரவாஜ்ஜோவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ரோமின் த்ராஸ்தேவெரே பகுதியில் உள்ள கர்மேல் துறவிகளின் கோவிலுக்காக, லாயெர்சியோ கெருபினி என்ற வழக்கறிஞர் கேட்டுக்கொண்டபடி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரியாவின் மரணத்தை வரைந்தார். மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம். மேலே பெரிய சிவப்புத் திரை. கீழே சிவப்பு உடையில் ஒரு பெண் பிணம், வயிறு உப்பி, ஒரு கை கட்டிலைத் தாண்டித் தொங்க, கணுக்கால்வரை வெறுங்கால் தெரியக் கிடக்கிறது. தாழ்ந்த நாற்காலியில் மகதலா மரியா முகத்தை மடியில் புதைத்து அழுகிறாள். அவள் காலடியில் பிணத்தைக் கழுவுவதற்கான செம்புப் பாத்திரம். தலையைச் சுற்றிய மெல்லிய வளையம் ஒன்றுதான் இது தேவமாதா என்பதற்கு அத்தாட்சி.

துறவிகள் படத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். கரவாஜ்ஜோவுக்குத் தெரிந்த ஒரு விலைமாதுதான் மாதிரி என்று ஒரு பேச்சு. உடல் ஊதியிருக்கிறது, கால் தெரிகிறது என்று இன்னொரு பேச்சு. உண்மையான உறுத்தல் வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும். மரியா செத்தாரா என்பதே திருச்சபை அழுத்திப் பேச விரும்பாத விஷயம். தூங்குவதுபோல் கண்மூடினார், விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது மரபு. 1950இல் பன்னிரண்டாம் பயஸ் விண்ணேற்பைக் கோட்பாடாக அறிவித்தபோதுகூட, மண்ணுலக வாழ்வை முடித்த பின் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். செத்தாரா இல்லையா என்பதைத் தீர்த்து வைக்கவில்லை. கரவாஜ்ஜோ தீர்த்து வைத்துவிட்டார். கோவிலில் அவர் படத்தின் இடத்துக்குக் கார்லோ சராசேனி வரைந்த, வானதூதர்களோடு கூடிய படம் வந்தது. மறுக்கப்பட்டதை ரூபன்ஸ் சிபாரிசு செய்ய, மாந்துவாவின் கோமகன் வாங்கினார். 1607 ஏப்ரலில் ஊரைவிட்டுப் போகும் முன் ஒரு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது ரோமே திரண்டு வந்து பார்த்தது. இங்கிலாந்து மன்னர், பிரான்ஸ் மன்னர் என்று கைமாறி இப்போது அது லூவரில் இருக்கிறது.

கோவில் தள்ளியதைச் சேகரிப்பாளர் வாங்கினார் என்பதைக் கலையின் விடுதலையாகக் கொண்டாடுவது வழக்கம். இழப்பும் ஒன்று உண்டு. இசன்ஹைமில் படத்தின் முன் இருந்தவனுக்கு அதனிடம் ஒரு காரியம் இருந்தது. அரண்மனையில் பார்த்தவருக்கு அபிப்பிராயம் மட்டும் இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டி மட்டும் கொஞ்ச காலம் இது மாறியது. அல்சாஸ் அப்போது ஜெர்மனியின் கையில். க்ரூனவால்டின் பீடத்தைப் பாதுகாப்புக்காக 1917இல் ம்யூனிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காட்சிக்கு வைத்தபோது கூட்டம் கூட்டமாக வந்தவர்களில் போரில் கைகால் இழந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் படம் தன் பழைய பார்வையாளர்களைத் திரும்பப் பெற்றது. 1919இல் அது, அல்சாஸில் தான் வைக்கப்பட்டிருந்த கோல்மார் நகரத்துக்குத் திரும்பியது.

அந்தப் போரில் இயந்திரத் துப்பாக்கி வீரராக இருந்த ஓட்டோ டிக்ஸ், 1929 முதல் 1932 வரை ‘போர்’ என்ற படத்தைப் பலகைகளில் தீட்டினார். இடம், நடு, வலம், கீழே ஒரு தாழ்ந்த பலகை: அப்படியே பழைய பீடத்தின் அமைப்பு. நடுப்பலகையில் குண்டு துளைத்த கால்கள் ஆகாயத்தைப் பார்த்து நீண்டிருக்கின்றன. அவற்றின் தோல் க்ரூனவால்டிடமிருந்து வந்தது. கீழ்ப்பலகை 60 சென்டிமீட்டர் உயரம். அதில் பதுங்குகுழிக்குள் சிப்பாய்கள் வரிசையாக மல்லாந்து கிடக்கிறார்கள், ஹோல்பைனின் இயேசு கிடந்த மாதிரியே. தூங்குகிறார்களா, செத்துவிட்டார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உயிர்ப்புக்குத் தனிப் பலகை கிடையாது. வலப்பக்கம் ஓர் ஆள், டிக்ஸின் சொந்த முகத்தோடு, காயம்பட்ட ஒருவனை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறான். கிடைக்கிற மீட்பு அவ்வளவுதான். 1933இல் நாஜிகள் டிரெஸ்டன் கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவியிலிருந்து அவரை விரட்டினார்கள். அதே டிரெஸ்டன் 1968இல் இந்தப் படத்தை வாங்கிக்கொண்டது.

கடவுளின் உடலை வெறும் பிணமாக வரையலாமா என்று நூற்றாண்டுக்கணக்கில் நடந்த வழக்கை டிக்ஸ் மறுமுனையிலிருந்து எடுத்துக்கொண்டார்: வெறும் பிணங்களைக் கடவுள் கிடந்த இடத்தில் கிடத்தினார். அவர் பக்தர் அல்ல. ஆனால் போர்முனைக்குப் போகும்போது அவர் மூட்டையில் நீட்சேயும் இருந்தார், விவிலியமும் இருந்தது. அந்தப் பலகைகளின் வடிவம் இரண்டில் எதிலிருந்து வந்தது என்று கேட்டால், ஒன்றை மட்டும் கைகாட்டுவது கஷ்டம்.